கட்டுப் புகை

வண்டிக்குக் கட்டு போடுகிறவன் என்று சொன்னால் சிரிக்காதவர்கள் கிடையாது. மனுஷனுக்குக் கட்டு போடவே ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை, இவன் இரும்புக் குழாய்க்குக் கட்டு போடுகிறானாம் என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. கேட்கட்டும். கேட்டவர்களே அடுத்த மாதம் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து அவன் பட்டறை வாசலில் நிற்பார்கள். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டுக்காரன் என்றால்தான் தெரியும்.

விஷயம் இவ்வளவுதான். இன்ஜினுக்குள் எரிந்து முடித்த புகை வெளியே வரும் முதல் குழாய்கள் இருக்கின்றன அல்லவா, அதற்கு ஹெட்டர் என்று பெயர். சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு கிளம்பி, வளைந்து நெளிந்து ஓர் இடத்தில் ஒன்றுசேர்ந்து, சைலன்சருக்குப் போகிற குழாயோடு மூன்று போல்ட்டால் இணையும். அவை கொதிக்கிற கொதி கொஞ்ச நஞ்சமல்ல. கண்ணாடி இழையில் நெய்த பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தக் குழாய்களின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றி, இரண்டு முனையிலும் ஸ்டீல் கிளிப் போட்டு இறுக்கிவிட்டால், சூடு குழாய்க்குள்ளேயே ஓடிப் பின்பக்கமாகப் போய்விடும். சுற்றி முடித்த பிறகு பார்த்தால் அசல் கை முறிந்தவன் கட்டுதான். அதனால் பட்டறையில் அதற்குக் கட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கட்டுக்காரனிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, கால் டெஸ்ட். வேலை தொடங்குவதற்கு முன் வண்டியின் ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, வண்டிக்காரரை வெறுங்காலோடு தகரத்தின் மேல் காலை வைக்கச் சொல்வான். அவர் "ஸ்ஸ்" என்று காலைத் தூக்கும்வரை விடமாட்டான். வேலை முடிந்த பிறகு அதே கால், அதே தகரம். ஐயா நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அப்புறம் "என்னத்தைப் பெருசாக் கிழிச்சே" என்று எவனும் வாயைத் திறக்க முடியாது.

இன்னொன்று, புகையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது. புதுக் கட்டு முதல் தடவை சூடேறும்போது புகையும். பட்டையில் இருக்கும் ஈரமும் பசையும் எரிந்து போகும்வரை கீழேயிருந்து வெள்ளை வெளேரென்று கிளம்பும். ஒரு லாரிக்காரர் இதைத் தெரியாமல் அலறிப் புடைத்துக்கொண்டு குதித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் சுடச்சுட இருந்த குழாயில் கொட்டி, குழாயையே விரிசல் விட வைத்தார். அன்றிலிருந்து கட்டுக்காரன் ஒரு பாடமே வைத்திருக்கிறான்: "புகை வரும். வந்தா அது கட்டுப் புகை. நாத்தமும் வரும், அதுவும் கட்டு நாத்தம்தான். நான் சொல்ற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்காதீங்க." சொல்லிச் சொல்லி அவனுக்கே அது மனப்பாடமாகிவிட்டது. மனப்பாடமானதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை, அதுதான் பிரச்சினை.

அவனுடைய அக்கா ஒரு நாள் போன் செய்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனாலும் பாதிக் குடித்தனம் போனில்தான்.

"டேய், உங்க மாமா செருப்பைப் பாத்தியா நீ? வலது செருப்போட அடி அப்படியே உருகி வழிஞ்சிருக்கு. கேட்டா வண்டி சூடுங்கறாரு. அந்த வேனுக்கு உன் கட்டைப் போட்டு விடக் கூடாதா? ஊருக்கெல்லாம் போடறே."

"அவர் வண்டியை ஒரு நாள் நிறுத்தினாத்தானே அக்கா?"

"ஞாயித்துக்கிழமை அனுப்பறேன். அவரா வரமாட்டாரு, நானே துரத்தி விடறேன்."

மாமா என்பது அக்காவின் புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் வைத்த பெயர் ஹாரன் மாமா. வண்டியில் இருக்கும் ஹாரனுக்கு வேலையே வைக்க மாட்டார், தெருமுனையில் திரும்பும்போதே "வாங்கடா வெள்ளெலிங்களா!" என்று ஒரு சத்தம் போடுவார், மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையும் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவரும். கட்டுக்காரனுக்கு அவர்மேல் உயிர். வேலை தெரிந்தும் இன்னொருத்தனுக்குக் கீழே கிடந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தவனை, "உனக்கென்னடா குறைச்சல், தனியா வா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து, இந்தப் பட்டறையைப் பேசி முடித்துக் கொடுத்தவர் அவர்தான். அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை இதுவரை அவன் பேசியதில்லை. பேச இடமும் அவர் கொடுக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாரன் மாமா வந்து இறங்கினார். பட்டறையில் வேறு வேலை இல்லை.

"மாப்ளே, உங்க அக்கா தொல்லை தாங்கலைடா. வா, கட்டோ கிட்டோ போட்டு விடு."

"ரொம்ப சூடா மாமா?"

"கேக்காதே! முன் சீட்டுல ஒருத்தரும் காலைத் தொங்கப் போட முடியலை. எல்லாம் சம்மணம் போட்டுத்தான் உக்காருதுங்க. 'மாமா, அடுப்பு மேல உக்காந்த மாதிரி இருக்கு'ன்னு ஒண்ணு அழுவுது. அவ்ளோ சூடு."

அந்த வேனில் இன்ஜின் டிரைவர் சீட்டுக்குக் கீழேயே. நான்கு குழாயும் ஒன்றுசேரும் இடம் சரியாக டிரைவரின் வலது பாதத்துக்கு அடியில். கட்டுக்காரன் விரிப்பைச் சுருட்டினான்.

"செருப்பைக் கழட்டுங்க மாமா. கால் டெஸ்ட்."

"அட போடா! நமக்குள்ள என்னடா டெஸ்ட்டு? நான் என்ன உன்கிட்ட சண்டைக்கா வரப் போறேன்? முடிச்சிட்டு வேணா வெச்சுப் பாக்கறேன்."

சரி, மாமா ஆயிற்றே என்று விட்டுவிட்டான்.

ஹெட்டரைக் கழற்றி இறக்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவினான். எண்ணெய் இருந்தால் பட்டை அதைக் குடித்துவிட்டுப் பிறகு தீப்பிடிக்கும். விரிசல் இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்த்தான். இல்லை. பட்டையை வாளித் தண்ணீரில் போட்டான். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை. அந்த இழை ஒரு துளி தோலில் ஏறினால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே கிடக்க வேண்டியதுதான். இன்ஜின் பக்கத்து முனையில் கிளிப் போட்டு, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் மேல் கால் அங்குலம் ஏறுகிற மாதிரி இழுத்துச் சுற்றினான். அதிகம் ஏறினால் சூடு அங்கேயே தங்கிக் குழாயைத் தின்றுவிடும், குறைந்தால் இடைவெளி விழும். வளைவில்தான் தண்ணி காட்டும். உள்பக்கம் மடிப்பு விழும், வெளிப்பக்கம் வாயைப் பிளக்கும். பிரித்து மறுபடி சுற்றினான்.

ஹாரன் மாமா பட்டறை மூலையில் கிடந்த பழைய வேன் சீட்டில் சாய்ந்துகொண்டு வாயால் வேலை செய்தார். எந்த டீச்சர் எந்த வண்டியைப் பின்பக்கம் இடித்தார், எந்தப் பிள்ளை பையில் தவளையைக் கொண்டுவந்தது, எல்லாம் சொன்னார். கட்டுக்காரன் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே கேட்டான். குழாயைத் தூக்கி மாட்டும்போது தவளைக் கதை உச்சத்தில் இருந்தது. தவளை டிரைவர் சீட்டுக்கே வந்துவிட்டதாம். அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கீழ் இணைப்பின் மூன்று போல்ட்டையும் கையால் திருகி ஏற்றினான், இரண்டை ஸ்பேனரால் முடுக்கினான். அந்த நேரம் பார்த்து மாமா, "அப்புறம் அந்தத் தவளை எங்க போச்சு தெரியுமா?" என்றார். எங்கே போனது என்று கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வெளியே வந்தான். மூன்றாவது போல்ட் கையால் திருகின அளவிலேயே நின்றுவிட்டது.

"ஏறி உக்காருங்க மாமா. விரிப்பு போடலை. செருப்பைக் கழட்டிட்டு காலைத் தகரத்து மேல வெச்சுக்கங்க. ஆக்சிலேட்டரைக் கையால இழுத்து ஏத்தி வெச்சிருக்கேன், நீங்க சும்மா உக்காந்தாப் போதும். புகை வரும். வந்தா அது கட்டுப் புகை. நாத்தமும் வரும், அதுவும் கட்டு நாத்தம்தான். நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க."

"உத்தரவு மகாராஜா."

வண்டி உறுமியது. புகை கிளம்பியது. ஹாரன் மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நல்லா இருக்கு மாப்ளே! ஜில்லுன்னு இருக்கு!" என்று கத்தினார். கட்டுக்காரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனை பேருக்குப் போட்டாலும் மாமா வாயால் கேட்கிற மாதிரி வருமா? குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, முடிஞ்சுது. மாமா வெறுங்காலை வெச்சுக்கிட்டு ஜம்முன்னு உக்காந்திருக்காரு. ஜில்லுன்னு இருக்காம்."

"அப்பாடா. நல்லா இருப்படா நீ."

இன்னும் கொஞ்சம் பேசினார்கள். பேசப் பேச அவன் மூக்கில் ஏதோ உறுத்தியது. கட்டுப் புகை அவனுக்குப் பழக்கமான புகை, ஈரச் சாக்கு காய்கிற மாதிரி ஒரு வாடை. இது அது இல்லை. காதிலும் ஏதோ இடித்தது. இன்ஜின் சத்தத்துக்குள் டப் டப் என்று ஒரு காற்று துப்பும் சத்தம். எங்கேயோ இணைப்பு கசிகிறது. எங்கே என்று நினைத்த மாத்திரத்தில் அந்த மூன்றாவது போல்ட் ஞாபகத்துக்கு வந்தது. அந்த இடுக்கு வழியாக வருகிற கொதிபுகை நேரே மாமாவின் காலடித் தகரத்தில்தான் அடிக்கும்.

ஓடினான். வேன் கதவைத் திறந்தான். மாமா ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வலது பாதம் தகரத்தின் மேல் அப்படியே பதிந்திருந்தது. அவன் அதற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தான். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டான்.

"காலை எடுங்க மாமா! எடுங்க காலை!"

"ஏன்டா?" என்றார் அவர்.

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. கட்டுக்காரன் அவர் முழங்காலைப் பிடித்துத் தூக்கினான், சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினான். உள்ளங்கால் வெந்திருந்தது. தோல் கொஞ்சம் தகரத்திலேயே தங்கிவிட்டது.

வாளியைத் தூக்கப் போனவன், அதில் கண்ணாடி இழை மிதக்கிறதே என்று அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயின் ரப்பர் டியூபை இழுத்து வந்து தண்ணீரைப் பீய்ச்சினான். அவரைத் தாங்கிப் பழைய வேன் சீட்டில் உட்கார வைத்து, இரண்டு காலையும் ஒரு டயரின் மேல் நீட்டச் சொல்லி, தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தான். ஹாரன் மாமா குனிந்து தம் பாதத்தைப் பார்த்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் காலைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"அடப்பாவி, இவ்ளோ ஆயிருச்சா?" என்றார்.

"வலிக்கலையா மாமா?"

"வலிக்குது, வலிக்குது. ஏன் வலிக்காது?"

"மாமா."

அவர் வேறு பக்கம் பார்த்தார். "சுகர் இருக்கில்ல. கொஞ்சம் மரத்துப் போயிருக்கும். பெரிய விஷயமா அது? எல்லாருக்கும் இருக்கறதுதான்."

"எப்போலேர்ந்து?"

"இருக்கும் ஒரு வருஷமா. ஆரம்பத்துல பஞ்சு மேல நடக்கற மாதிரி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லை."

முன் சீட்டுப் பிள்ளைகள் சம்மணம் போட்ட கதை கட்டுக்காரனுக்கு இப்போதுதான் உறைத்தது. அடுப்பு மேல் உட்கார்ந்த மாதிரி என்று சொன்னது ஒரு பிள்ளை. மாமாவாகச் சுட்டது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் சொல்லித்தான் அவருக்கே வண்டி சுடுகிறது என்று தெரிந்திருக்கிறது.

"அப்ப பிரேக் எப்படிப் பிடிக்கறீங்க?"

"பிரேக் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதாடா? எத்தனை வருஷம்! கால் அது மேல இருக்கான்னு லேசா ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்குவேன். ஒரு செகண்டு. அவ்ளோதான்."

"ரோட்டைப் பாப்பீங்களா, காலைப் பாப்பீங்களா மாமா? உள்ள அத்தனை பிள்ளைங்க இருக்கு."

ஹாரன் மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, அக்காகிட்ட சொல்லிடாதேடா. இந்த வண்டியை விட்டா நான் யாரு? வீட்டுல உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கணும். எனக்கு அது முடியாதுடா. நாளைக்கு எட்டு மணிக்கு அதுங்க வாசல்ல வந்து நிக்கும்."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லமாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை, சொல்லுவேன் என்று சொல்லவும் முடியவில்லை. யோசிக்க நேரமும் இருக்கவில்லை. குழாயடியில் அவன் போட்டுவிட்டு ஓடிய போன் அணைக்கப்படாமலேயே கிடந்தது. காலை எடுங்க என்ற கூச்சல் காதில் விழுந்ததுமே அக்கா கதவைக்கூடப் பூட்டாமல் கிளம்பிவிட்டாள்.

மூச்சிரைக்க வந்து நின்றவள் பாதத்தைப் பார்த்தாள். "ஐயோ, என்னங்க இது?" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். அடுத்த நொடியே, "கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். மருந்து தடவினாச் சரியாப் போயிடும்."

"எப்படிப் பட்டுச்சு?"

"உன் தம்பி வேலை! ஒரு போல்ட்டை முடுக்காம விட்டுட்டான்" என்று சிரித்தார் ஹாரன் மாமா. சிரித்துக்கொண்டே கட்டுக்காரனைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சியது.

பொய்யும் இல்லை. போல்ட்டை முடுக்காமல் விட்டது அவன்தான். ஆமாம் அக்கா, என் தப்புதான் என்று தலையைக் குனிந்துகொண்டால் இத்தோடு முடிந்தது. அக்கா நாலு திட்டு திட்டுவாள். மாமா ரெண்டு நாள் கட்டோடு ஓட்டுவார். பட்டறையைக் கைகாட்டிய மனுஷனுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் அப்புறம் என்ன உறவு? கட்டுக்காரன் தலையைக் குனியத்தான் செய்தான். ஆனால் குனிந்த கண்ணில் அவனுடைய கையே பட்டது.

"போல்ட்டு என் தப்புதான் அக்கா" என்றான். "நூறு தடவை என் தப்பு. ஆனா இதைப் பாரு." உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கொப்புளம் எழும்பியிருந்தது. "அந்தத் தகரத்து மேல நான் கையை வெச்சது கண்ணை மூடித் திறக்கற நேரம். நான் உன்கிட்ட போன்ல பேசினேனே, அவ்வளவு நேரமும் மாமா கால் அது மேலதான் இருந்துச்சு. ஜில்லுன்னு இருக்குன்னாரு."

"டேய்!" என்றார் மாமா.

அக்கா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அவன் சின்னப் பையன் மாதிரி உளர்றான். உக்காந்து உக்காந்து அந்த ஒரு கால் மரத்துப் போச்சு, அவ்ளோதான். டாக்டர்கிட்டப் போனா ஊசியால குத்திக் குத்திப் பாப்பான், வண்டியே ஓட்டாதேம்பான். அவனுக்கென்ன! நாளைக்கு அந்தப் பிள்ளைங்களை யார் கூட்டிட்டுப் போறது, அவனா?"

"சரி" என்றாள் அக்கா. டயருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த தரையிலேயே உட்கார்ந்தாள். "அந்தக் கால் இருக்கட்டும். இன்னொரு கால் நல்லாத்தானே இருக்கு?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப கண்ணை மூடுங்க. உங்க இடது காலைத் தொடுவேன். தொட்டதும் தொட்டேன்னு சொல்லணும். சரியாச் சொல்லிட்டீங்கன்னா டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்கு வண்டியை எடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"இவ்ளோதானா? இதுக்கா இந்தப் பாடு!" ஹாரன் மாமா உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "மாப்ளே, நீ சாட்சி. அப்புறம் இவ பேச்சு மாறக் கூடாது. ம், ஆரம்பி."

அக்கா டயரின் மேல் கிடந்த அவருடைய இடது பாதத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். விரல்களை வருடினாள். உள்ளங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், இன்னும் அழுத்தினாள், அழுத்திய இடம் வெளுத்தது.

"ம்?" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல்.

அக்காவின் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாதத்தை விடவில்லை.

"தொடும்மா சீக்கிரம். கண்ணை மூடிக்கிட்டே எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது? தொட்டாத்தானே சொல்ல முடியும்."

கட்டுக்காரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்ன, ஏமாத்தறியா?" என்று சிரித்துக்கொண்டே அவர் கண்ணைத் திறந்தார். தம் பாதம் அவள் இரண்டு கைக்குள் இருப்பதைப் பார்த்தார். அந்தக் கைகள் மேல் கண்ணீர் சொட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ளே" என்று கூப்பிட்டார். "சாவி வண்டியிலயே இருக்கு. எடுத்து அக்காகிட்ட குடுத்துடு."